முன்பக்கத்தில் 17 கல் காயங்கள்



சுகர், பிரஷர், டெங்கு, பாம்புக்கடின்னு எழுதுற இந்தப் பக்கத்துல இன்னைக்கு கார் பெயிண்ட் பற்றி ஒரு நீண்ட இழை. "டாக்டருக்கு ஓ.பி.ல கூட்டம் இல்லையா?"ன்னு கேட்பீங்க. கூட்டம் இருக்கு. ஆனாலும் இதை எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்குது. கடைசி வரை படிங்க.

எம்.பி.பி.எஸ் முடித்து, அரசுப் பணியில் சேர்ந்து, கல்விக்கடன் அடைத்து, தங்கை கல்யாணம் பார்த்து, 33-வது வயதில்தான் என் முதல் காரை வாங்கினேன். அடர் சிவப்பு. 7 வருட இ.எம்.ஐ.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அரசாங்க வண்டி ஓட்டிய மனிதர், சொந்த வண்டி வாசலுக்கு வந்த அன்று அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

வீடு திருச்சியில். வேலை புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தாலுகா மருத்துவமனையில். தினமும் போக 40, வர 40 கிலோமீட்டர். அந்தப் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். குவாரியும் கிரஷரும் நிறைந்த மாவட்டம். ஜல்லி, எம்-சாண்ட், கிராவல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்றாவது முன்னால் போகாமல் என் பயணம் முடியாது.

வாங்கி 4 மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுவும்போது பானெட் முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பறவை எச்சம் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. குனிந்து பார்த்தால் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் தரையில் உட்கார்ந்து எண்ணவே ஆரம்பித்துவிட்டேன். பம்பரில் 11, பானெட் முனையில் 6. மொத்தம் 17. அதில் இரண்டு ஏற்கெனவே பழுப்பு நிறத்துக்கு மாறியிருந்தன.

அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை என்றால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான்.

*

முதலில் கொஞ்சம் அனாட்டமி.

கார் பெயிண்ட் என்பது ஒரே பூச்சு கிடையாது. நம் தோல் மாதிரி அடுக்கு அடுக்காக இருக்கும். அடியில் இரும்புத் தகடு. அதன் மேல் துருவைத் தடுக்க மின்சாரம் பாய்ச்சிப் படியவைக்கும் ஒரு பூச்சு. அதன் மேல் பிரைமர். அதன் மேல்தான் நாம் பார்க்கும் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே, நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு அந்தக் கிளியர் கோட்டின் வேலை.

இத்தனை அடுக்கும் சேர்த்து எவ்வளவு தடிமன் தெரியுமா? பல கார்களில் 100 முதல் 120 மைக்ரான் அளவுதான். நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். ஆக, லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டிக்கும் துருவுக்கும் நடுவே இருப்பது இரண்டு முடி தடிமன்கூட இல்லை.

நம் தோலில் மேலாக சிராய்த்தால் தானே ஆறிவிடும். ஆழமாக வெட்டினால் கிருமி உள்ளே போகும். பெயிண்ட்டும் அப்படித்தான். கிளியர் கோட்டோடு நிற்கும் கீறலை பாலிஷ் போட்டே மறைத்துவிடலாம். கல் பட்டு இரும்பு வரை பெயர்ந்துவிட்டால் ஈரமும் காற்றும் உள்ளே போய்த் துரு பிடிக்கும். துரு பெயிண்ட்டுக்கு அடியிலேயே பக்கவாட்டில் பரவும். வெளியே கடுகு அளவு தெரியும்போது உள்ளே சுண்டைக்காய் அளவு இருக்கும். சுகர் பேஷன்ட் கால் புண் மாதிரி.

ஒரு ஆறுதல். பம்பர் பிளாஸ்டிக். அதில் பெயர்ந்தால் அழகு போகும், துரு வராது. முதலில் கவனிக்க வேண்டியது பானெட்டின் முன் விளிம்பை.

*

அடுத்து, தடுப்பு. ராத்திரி டியூட்டியில் கொஞ்சம் படித்தேன். டிங்கரிங் பட்டறை பெயிண்டர் அண்ணன் ஒருவரிடம் பல நாள் டீ குடித்துக்கொண்டே கேட்டேன். அதன் சாரம் இது.

வாக்ஸ்: பளபளப்பு தரும், பூச்சி எச்சம் எளிதாகக் கழுவ வரும். சில வாரங்கள் நிற்கும். கல்லைத் தடுக்காது.

செராமிக் கோட்டிங்: இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நல்ல பூச்சுதான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அழுக்கு ஒட்டாது. ஆனால் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். பறந்து வரும் ஜல்லிக் கல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "கல் பட்டாலும் ஒன்றும் ஆகாது சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பி.பி.எஃப்: பாலியூரித்தேன் வகை ஒளி ஊடுருவும் படலம். 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். ரப்பர் போல அடியை உள்வாங்கிக்கொள்ளும். கல்லடிக்கு உண்மையிலேயே வேலை செய்வது இதுதான். நல்ல படலத்தில் விழும் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டில் தானாகவே மறையும். விலைதான் கடிக்கும். முழு வண்டிக்கும் ஒட்ட வேண்டியதில்லை. பம்பர், பானெட், கண்ணாடிக் கூடு, முன் மட்கார்டு போதும். வண்டி புதிதாக இருக்கும்போதே ஒட்டினால் நல்லது. ஏற்கெனவே பெயர்ந்த இடங்களைச் சரிசெய்யாமல் ஒட்டினால் அவை படலத்துக்கு அடியில் அப்படியே தெரியும். வெளியில் ரீ-பெயிண்ட் செய்த வண்டி என்றால், பெயிண்ட் நன்றாக இறுகும்வரை காத்திருக்க வேண்டும்.

இரும்பு கார்டு: "முன்னாடி ஒரு கம்பி போட்டுட்டா எந்தக் கவலையும் இல்ல சார்" என்றார் ஒருவர். தயவுசெய்து வேண்டாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017-லேயே இவற்றின் மீது நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. பம்பர் நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. அது நசுங்கினால்தான் அடியின் வேகம் உங்கள் நெஞ்சுக்கு வராது. கம்பி அதைக் கெடுக்கும். ஏர்பேக் திறப்பதையும் குழப்பலாம். குறுக்கே வரும் மனிதரின் தொடை எலும்பு என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் கேஷுவாலிட்டியில் பார்ப்பது அதைத்தான்.

கழுவும் முறை: முன்பக்கக் கீறல்களில் பாதி நாமே போடுவது. காலையில் பழைய பனியனை எடுத்து, தூசி படிந்த வண்டியைக் காய்ந்தபடியே துடைக்கிறோமே, அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்குங்கள். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறை தேய்த்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு ஷாம்பு வாளிக்குப் போங்கள். பாத்திரம் விளக்கும் சோப்பு வேண்டாம், வாக்ஸ் போய்விடும். பூச்சி காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரத்துணியை 10 நிமிடம் போட்டு ஊறவையுங்கள். சுரண்டாதீர்கள்.

ஆயுத பூஜை: கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் பூஜை போடுபவன்தான். மாலையைக் கட்டுக்கம்பியால் கட்டாமல் நூல் கயிற்றால் கட்டுங்கள். வாழைக்கன்றை பம்பரில் கட்டியபடியே ஊர் சுற்றினால் வாழைக்கறையும் உரசலும் நிச்சயம். சந்தனம் குங்குமத்தை அன்று மாலையே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். நாள்கணக்கில் வெயிலில் காயவிட்டால் கறை தங்கிவிடும். சாமி ஒன்றும் சொல்லாது.

*

ஏற்கெனவே பெயர்ந்த புள்ளிகளுக்கு வைத்தியம்.

உங்கள் வண்டியின் நிறத்துக்கு ஒரு எண் உண்டு. கதவு இடுக்கிலோ பானெட்டுக்கு உள்ளேயோ ஸ்டிக்கரில் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி டச்-அப் பெயிண்ட் வாங்குங்கள். "சிவப்பு கொடுங்க"ன்னு கேட்டால் ஆயிரம் சிவப்பு இருக்கு.

கழுவி நன்றாகக் காயவிடுங்கள். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துப் புள்ளியை மட்டும் துடையுங்கள். கை சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கலாம், பெயிண்ட் ஒட்டாது. துரு இருந்தால் நைஸ் உப்புத்தாளின் சிறு துண்டால் அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். இரும்பு தெரிந்தால் ஒரு துளி பிரைமர். அது காய்ந்ததும் பல் குத்தும் குச்சி நுனியில் நிறத்தைத் தொட்டுக் குழியை நிரப்புங்கள். ஒரே அடியாக வேண்டாம். மெல்லிதாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பின். கடைசியாக கிளியர் கோட். ஒரு மாதம் அதன் மேல் வாக்ஸ் போடாதீர்கள்.

நாலு புள்ளிக்காக பானெட் முழுவதையும் ரீ-பெயிண்ட் செய்யாதீர்கள். ஃபேக்டரியில் வெறும் கூடாக இருக்கும்போது 140 டிகிரி அளவுச் சூட்டில் வேகவைத்த பெயிண்ட் அது. அந்தச் சூட்டை முழு வண்டிக்குப் பட்டறையில் கொடுக்க முடியாது.

இப்படி ஒரு ஞாயிறு முழுக்கக் குனிந்து, தையல் போடுவதைவிட கவனமாக, 17 புள்ளிகளையும் மூடினேன். அடுத்த சனிக்கிழமை முன்பக்கம் மட்டும் பி.பி.எஃப் ஒட்டப் பேசி முடித்தேன். 45,000 ரூபாய். வீட்டில் 20,000 என்று சொல்லிவைத்திருந்தேன்.

*

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதற்குச் சில வாரம் முன்பு, குலதெய்வக் கோயிலுக்காக அதே வழியில் அப்பா என்னோடு வந்தார். முன்னால் ஒரு ஜல்லி லாரி. நான் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, முந்த இடம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

"தம்பி, லாரியோட பின் டயர் கோடு உனக்குத் தெரியுதுன்னா, அது எறியற கல்லுக்கும் நீ தெரியறேன்னு அர்த்தம். பின்னாடி வா."

"இடைவெளி விட்டா எவனாவது நடுவுல புகுந்துடுவான்ப்பா."

"புகுந்தா புகுந்துட்டுப் போறான். நீ மறுபடி பின்னாடி வா. அவனுக்கு அவசரம். உனக்கு என்ன?"

நான் கேட்கவில்லை. பழைய காலத்து டிரைவர் புத்தி என்று நினைத்தேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது முழுக்க இயற்பியல். லாரி டயர் கிளப்பும் கல் மேலே எழும்பி வேகம் இழந்து விழும். அதில் போய் மோதுவது நாம்தான், நம் வேகத்தில். அடியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80-ல் வாங்கும் அடியில் சுமார் 56 சதவீதம்தான் 60-ல். நல்ல இடைவெளி விட்டால் பெரும்பாலான கற்கள் நாம் போவதற்குள் தரையில் விழுந்துவிடும். 3 நொடி இடைவெளி என்பார்கள். லாரி ஒரு மரத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பியுங்கள். நீங்கள் அந்த மரத்துக்கு வர 3 நொடியாவது ஆக வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 67 மீட்டர்.

*

பி.பி.எஃப் ஒட்ட வேண்டியது சனிக்கிழமை. இது நடந்தது வெள்ளிக்கிழமை காலை 8 மணி வாக்கில்.

முன்னால் ஜல்லி லாரி. அதன் பின்னால் ஒரு பைக். அதன் பின்னால் நான். வழக்கம்போல ஒட்டிக்கொண்டுதான். திடீரென்று 'டக்' என்று என் பானெட்டில் ஒரு சத்தம். வயிறு எரிந்தது. அதே நேரத்தில் முன்னால் போன பைக் ஆடியது. அந்தப் பையன் எப்படியோ சமாளித்து ஓரத்தில் நிறுத்தி, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

நானும் ஓரம் கட்டி இறங்கினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். இறங்கியதும் என் கண் முதலில் போனது பானெட்டுக்கு. அரை நொடிதான். பிறகுதான் அவனைப் பார்த்தேன்.

20 வயதுக்கு மேல் இருக்கும். ஹெல்மெட் போட்டிருந்தான். வைசர் மேலே ஏற்றியிருந்தது. வலது கண்ணை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தான். "தம்பி, நான் டாக்டர். கையை எடு, அழுத்தாதே" என்று மெதுவாகக் கையை விலக்கிப் பார்த்தேன். கருவிழி கிழிந்திருந்தது. நடுவில் வட்டமாக இருக்க வேண்டிய பாப்பா, கண்ணீர்த் துளி போல ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் படிப்பில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கண் கோளமே திறந்துவிட்டது.

பக்கத்து டீக்கடையில் ஒரு பேப்பர் கப் வாங்கி, அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைத் தொடாமல் சுற்றியுள்ள எலும்பில் உட்காரும்படி வைத்து பிளாஸ்டர் ஒட்டினேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார். வேண்டாம் என்றேன். என் காரிலேயே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். டி.டி ஊசி, ஆன்டிபயாடிக், வலிக்கும் வாந்திக்கும் ஊசி. மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் வாய்வழியாக எதுவும் தரவில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108-ல் அனுப்பிவைத்தோம்.

அதற்குள் அவன் அம்மா வந்துவிட்டார். வயல் வேலையிலிருந்து அப்படியே வந்த கால், சேறோடு.

"அய்யா, எம்புள்ள கண்ணு வந்துருமாய்யா?"

"பெரிய டாக்டருங்க பாப்பாங்கம்மா. சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க."

எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

லாரி நிற்கவில்லை. அந்த டிரைவருக்கு நடந்தது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அவரைத் திட்டி இந்த இழையை முடிக்க நான் விரும்பவில்லை. மேலே தார்ப்பாய் போட்டிருந்தார். கல், சுமையிலிருந்து வந்ததா, சாலையில் கிடந்து டயரில் தெறித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

*

7 மாதம் கழித்து அவன் ஓ.பி.க்கு வந்தான். ஆபரேஷன் செய்து கண்ணின் உருவத்தைக் காப்பாற்றியிருந்தார்கள். பார்வை திரும்பவில்லை. ஊனமுற்றோர் சான்றிதழ் பற்றி விசாரிக்க வந்திருந்தான். கண் மருத்துவர்தான் அளந்து சொல்ல வேண்டும். ஆனால் விதி எனக்குத் தெரியும். ஒரு கண் முழுதாகப் போய், மற்றது நன்றாக இருந்தால் 30 சதவீதம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். அதைச் சொன்னேன்.

"அப்ப ஒண்ணும் கிடைக்காதா சார்?" என்றான். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு தலை நிமிர்ந்து கேட்டான்:

"சார், அன்னைக்கு உங்க வண்டிலயும் கல்லு பட்டுச்சே. சரி பண்ணிட்டீங்களா?"

நான் பானெட்டைப் பார்த்த அந்த அரை நொடியை, மண்ணில் உட்கார்ந்திருந்தவன், மிச்சமிருந்த ஒரு கண்ணால் பார்த்திருக்கிறான். குத்திக்காட்டவில்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டான்.

"பண்ணிட்டேன் தம்பி" என்றேன். உண்மைதான். 18-வது புள்ளிக்கும் டச்-அப் வைத்துவிட்டேன். விட்டால் துருப்பிடிக்குமே.

இருக்கும் ஒரு கண்ணைக் காக்க, பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி எப்போதும் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

*

வண்டியைப் பாதுகாப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. உழைத்து வாங்கிய பொருள். பிறகு நானும் பானெட் முனைக்கும் பம்பருக்கும் மட்டும் படலம் ஒட்டினேன். ஆனால் வரிசை மாறக்கூடாது. இடைவெளி முதலில். படலம், பாலிஷ் எல்லாம் அதற்கு அப்புறம். 45,000 ரூபாய்ப் படலம் பெயிண்ட்டை மட்டும் காக்கும். காசில்லாத அந்த 3 நொடி பெயிண்ட்டையும் காக்கும், கண்ணாடியையும் காக்கும், திடீர் பிரேக்கில் உங்களையும் காக்கும்.

காரில் போகும் நமக்கு முன்னால் கண்ணாடி இருக்கிறது. பைக்கில் போகிறவருக்கு வைசர் மட்டும்தான். அதனால் சில விஷயங்கள் மட்டும் மனதில் இருக்கட்டும்.

1. பைக்கில் போகும்போது வைசரை இறக்குங்கள். கீறி மங்கிப்போனால் வைசரை மட்டும் மாற்றலாம். சில நூறு ரூபாய்தான்.

2. ஜல்லி, மணல் லாரிக்குப் பின்னால் பைக்கில் ஒட்டிப் போகாதீர்கள். பெட்ரோல் டேங்கில் குழந்தையை உட்காரவைத்துப் போகும் அப்பாக்களே, முதல் கல் படப்போவது உங்கள் மேல் இல்லை.

3. வெறும் தூசி விழுந்தால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவலாம். வேகமாக ஏதாவது வந்து அடித்து, வலி, ரத்தம், பார்வை மங்கல் இருந்தால் கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள். கண்ணைத் தொடாமல் பேப்பர் கப்பால் மூடி, சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

4. லாரி ஓட்டும் அண்ணன்களே, தார்ப்பாயை முழுதாக இழுத்துக் கட்டுங்கள். இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்.

இப்போதெல்லாம் ஜல்லி லாரி முன்னால் போனால் நானாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். நடுவில் யாராவது புகுந்தால் மறுபடி பின்னால் வருகிறேன். மருத்துவமனைக்குப் போய்ச் சேர 5 நிமிடம் தாமதமாகிறது. அவ்வளவுதான்.

போன மாதம் அப்பா மறுபடி கூட வந்தார். கீரனூர் தாண்டும் வரை பேசாமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இப்பத்தான்டா வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட" என்றார்.

நாளைக்குக் காலையில் நீங்களும் ஏதோ ஒரு லாரிக்குப் பின்னால்தான் போகப் போறீங்க. மூணு வரைக்கும் எண்ணுங்க.